அப்போலோவின் மாஸ்டர் அலாரம்: சில வருடப் பழக்கத்தில்

ஆர்பிட்டர் என்ற இலவச விண்வெளி சிமுலேட்டரில் என்.ஏ.எஸ்.எஸ்.பி. என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால், நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தில் வீரர்கள் உட்காரும் கட்டளைக் கலத்தின் சுவிட்சுப் பலகை கைக்கு வந்துவிடும். சில வருடமாக ஓட்டுகிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது எச்சரிக்கை அமைப்புதான்.

அழுத்தமோ வோல்டேஜோ எல்லை தாண்டினால் மாஸ்டர் அலாரம் சிவப்பாக எரியும். 750, 2000 ஹெர்ட்ஸ் என்று சத்தம் மாறி மாறிக் காதைக் குடையும். எரிகிற பட்டனையே அழுத்தினால் சத்தம் நிற்கும். ஆனால் எங்கே கோளாறு என்று சொல்லும் சின்ன விளக்கு, கோளாறு தீரும்வரை அணையாது. வாயை அடைக்கலாம், மறைக்க முடியாது.

என்னைக் கவர்ந்த இன்னொன்று எச்சரிக்கை அமைப்பு சுவிட்சின் ‘பூஸ்ட்’ நிலை. கமாண்டர் பக்கத்து மாஸ்டர் அலாரத்துக்கு அருகிலேயே, பயணத்தைக் கைவிடச் சொல்லும் அபார்ட் விளக்கு, அதுவும் சிவப்பு. ஏவும்போது சுவிட்ச் பூஸ்டில் இருந்தால் அந்த ஒரு அலாரம் விளக்கு மட்டும் எரியாது. சத்தமும் மற்றவையும் வழக்கம்போல வேலை செய்யும். ராக்கெட் குலுங்குகிற நேரத்தில் ஒரு சிவப்பை இன்னொன்றாக நினைத்தால் பயணமே போச்சு. உள்ளே உட்காரப் போகிறவரை மனதில் வைத்துச் செய்த வேலை இது.

தொல்லையும் உண்டு. ஆக்சிஜன் மணிக்குச் சுமார் 450 கிராமுக்கு மேல் 16 நொடி தொடர்ந்து ஓடினால் போதும், நாமே தெரிந்து திறந்துவிட்டிருந்தாலும் அலாரம் அடிக்கும். சரி, இது பழகிவிடும்.

பழகக் கூடாத குறை வேறு. இரண்டு ஹைட்ரஜன் டாங்க், இரண்டு ஆக்சிஜன் டாங்க், நான்கின் அழுத்தத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கு. 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இல் ஒரு ஹைட்ரஜன் டாங்கில் அழுத்தம் குறைந்து அந்த விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதனால் இரண்டாம் ஆக்சிஜன் டாங்கில் அழுத்தம் எல்லை மீறி ஏறியபோது அலாரம் புதிதாக அடிக்கவே இல்லை. டாங்க் வெடித்து, ஒரு மின்தடத்தில் வோல்டேஜ் இறங்கிய பிறகுதான் அடித்தது. மூன்று உயிர்கள் இருந்த கலத்தில் இந்தச் சிக்கனம் செய்திருக்கவே கூடாது என்பது என் கருத்து.

புதிதாக ஓட்டுகிறவர்கள் முதலில் விளக்குச் சோதனை சுவிட்சைப் போட்டு எல்லா விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம், அந்தப் பொது விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டால் அதை நம்பி இருக்காதீர்கள். நடுப்பலகையில் நான்கு டாங்குக்கும் தனித்தனி முள் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள்.