தாமிரச் சுரங்கக் கழிவைப் பிழிந்து அடுக்கும் முறை: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஒரு நடுத்தரத் தாமிரச் செறிவூட்டு ஆலையில் கழிவுச் சேற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் பிரிவை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எங்கள் தாதுவில் ஒரு டன்னுக்கு 6 அல்லது 7 கிலோ தாமிரமே இருக்கிறது. செறிவூட்டிய தூளாக ஏறத்தாழ 20 கிலோவை எடுத்த பிறகு, எஞ்சும் 980 கிலோவும் மாவாக அரைபட்ட நிலையில் நீரோடு கலந்து வெளியேறுகிறது. டெய்லிங்ஸ் என்று நாம் அறிந்த அந்தச் சேற்றை இங்கே ரெலாவே என்பார்கள். வழக்கமாக அதை அணை கட்டித் தேக்குவார்கள். நாங்களோ அதை முதலில் திக்கனரில், அதாவது திண்மம் அடியில் படியும் பெரிய தொட்டியில் கெட்டியாக்கி, பின் ஃபில்டர் பிரஸ்ஸில், அதாவது துணி போர்த்திய தகடுகளுக்கிடையே அழுத்திப் பிழிந்து, கட்டியாக வரும் கேக்கை கன்வேயரில் கொண்டுசென்று பரப்பி, உருளை ஓட்டி இறுக்கி அடுக்குகிறோம்.

இம்முறையைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் நீர்க்கணக்கு. 55 சதவீதத் திண்மமுள்ள சேறு, ஒவ்வொரு டன் உலர்கழிவோடும் ஏறத்தாழ 820 லிட்டர் நீரைக் கொண்டுபோகிறது. 17 சதவீத ஈரப்பதமுள்ள கேக்கோ 205 லிட்டர்தான் கொண்டுபோகிறது. அணையில் தேங்கும் நீரில் ஒரு பகுதியைத் திரும்ப எடுக்கலாம் என்றாலும், இந்த வெயிலில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எங்களுக்கு வரும் நீர் கடல்நீரைச் சுத்திகரித்து மேலேற்றிய நீர்: ஒரு கன மீட்டரை உப்பு நீக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும், அதை 2,000 மீட்டர் உயர்த்த, விரயமே இல்லாவிட்டாலும் 5.4 யூனிட் வேண்டும். அழுத்தக் காற்றுக்கும் பம்புகளுக்கும் ஃபில்டர் செலவழிக்கும் மின்சாரத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், அது மிகவும் செலவானது என்று ஒதுக்குவது சரியன்று.

இரண்டாவது காரணம் இந்நாட்டின் நினைவிலேயே இருக்கிறது. 1965 மார்ச் 28 அன்று நிலநடுக்கத்தில் எல் கோப்ரே சுரங்கத்தின் கழிவு அணைகள் உடைந்து, கீழே இருந்த குடியிருப்பைச் சேறு மூடியதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குலுங்கும்போது நீர்மமாகிப் பாயக்கூடிய சேறு நம் தலைக்கு மேலே தேங்கி நிற்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றுவரை இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் மிகவும் சிரமப்பட்டோம். இயந்திரம் வழங்கியவர்கள் உறுதியளித்த ஈரப்பதம், கடினமான, களிமண் குறைந்த தாதுவில் செய்த சோதனையிலிருந்து வந்தது; நாங்களும் மற்ற பகுதிகளின் மாதிரிகளைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மேற்பகுதியிலிருந்து கயோலினைட், ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமங்கள் மிகுந்த தாது வந்த நாளில் திக்கனரின் அடியில் படிந்த சேற்றைத் தள்ளும் ரேக் என்ற சுழல்கரத்தின் முறுக்குவிசை ஏறியது. அடியில் 55 சதவீதத் திண்மத்தோடு வெளியேற வேண்டிய சேறு 48 ஆகத் தளர்ந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய பிழிவுச் சுற்று இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டியது. தகடுகள் விலகியபோது வழக்கமாகத் தொப்பென்று விழும் கேக், துணியிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன்: இரு பக்கமும் விரற்கடை அளவு உறுதியாகவும், நடுவே தயிர்போலவும் இருந்தது. ஷிப்ட் முழுவதும் இருவர் நீண்ட பிளாஸ்டிக் சுரண்டியோடு நின்று ஒவ்வொரு தகடாகத் தள்ளிவிட வேண்டியிருந்தது. அடுக்கிடத்திலோ உருளை புதைந்தது.

அன்று நாங்கள் செய்த முதல் தவறு, நுண்துகள்களைத் திரட்டிப் படியவைக்கும் பாலிமரான ஃப்ளாக்குலன்ட்டின் அளவைக் கூட்டியது. திக்கனரின் அடியில் படிந்த படுகை பிசுபிசுப்பேறி, ரேக்கோடு சேர்ந்து ஒரே கட்டியாகச் சுற்றத் தொடங்கியது. மிஞ்சிய பாலிமர் ஃபில்டர் துணியையும் அடைத்தது. பிறகு உள்வரும் சேற்றை நன்றாக நீர்க்கச் செய்து, ஃப்ளாக்குலன்ட் கரைசலையும் மேலும் நீர்ப்படுத்தி, ஒரே இடத்தில் ஊற்றாமல் மூன்று இடங்களில் பிரித்துச் செலுத்தியபோதுதான் படுகை அடங்கியது. எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, வரும் வாரத் தாதுவின் களிமண் அளவைப் புவியியல் பிரிவு முன்கூட்டியே சொல்லத் தொடங்கியதும், களிமண் மிகுந்த தாதுவைக் கடினத் தாதுவோடு கலந்தே ஆலைக்கு அனுப்பியதும்தான்.

துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பைரைட் என்ற இரும்பு சல்பைடை அடக்க, தாமிரக் கனிமத்தை நுரையோடு மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதப்புப் பிரிவில் சுண்ணாம்பு சேர்ப்பதால், எங்கள் நீர் கால்சியமும் சல்பேட்டும் நிறைந்தது. கழற்றிய பழைய துணியை வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளுக்கிடையே வெள்ளைப் பொருக்கு தெரியும். அதில் கால்சியம் கார்பனேட் மென் அமிலத்தில் கரைந்துவிடும். ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) அவ்வளவு எளிதில் கரையாது. ஆகவே அடைத்த பின் கழுவுவதைவிட, ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே உயரழுத்த நீரால் கழுவுவதே சிறந்தது. வடிநீர் சாம்பல் நிறமாக மாறினால் எங்கோ துணி கிழிந்திருக்கிறது என்று பொருள்; அன்றைக்கே அந்தத் தகட்டைத் தேடிப் பிடிக்காவிட்டால் தகட்டின் விளிம்பே அரித்துப்போகும்.

உலர்ந்த அடுக்கு என்றாலே பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. நீர் விலகிய துளைகளில் காற்று புகுவதால் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலம் உருவாகலாம். அடியில் வடிகால் சேகரிப்பும், நன்கு இறுக்கிய அடுக்குகளும் இல்லாமல் இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலைவனத்தில் மழையேது என்பவர்களுக்கு, 2015 மார்ச்சில் இதே அட்டகாமாவில் ஊர்களை அடித்துச்சென்ற வெள்ளத்தை நினைவூட்டுகிறேன். காற்றில் பறக்கும் தூசியும் அன்றாடப் பிரச்சினை.

நாளொன்றுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் அரைக்கும் ஆலைகளுக்கு இத்தனை ஃபில்டர்களை நிறுவிப் பராமரிப்பது பெரும் சுமை. அங்கே சேற்றை மேலும் கெட்டியாக்கும் உயர்செறிவுத் திக்கனரே பொருத்தமாக இருக்கலாம். எங்களைப் போன்ற அளவுக்கு மீண்டும் இதையே தேர்வேன். ஆனால் மிக மோசமான களிமண் மாதிரியில் சோதித்த பிறகே உறுதிமொழியை ஏற்பேன். ஈரம் கூடிய கேக்கைத் தனியே கொட்டிக் காயவைக்க இடம் ஒதுக்குவேன். தேவையானதைவிட ஒரு ஃபில்டர் கூடுதலாக வாங்குவேன். எங்களிடம் அந்தக் கூடுதல் ஃபில்டருக்கான அடித்தளக் கான்கிரீட் இந்த மாதம்தான் போடப்பட்டது.