மாட்டெலும்பா, டாகுவா கொட்டையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் செதுக்கு வேலை பழகும் தம்பிகள், தந்தத்துக்குப் பதில் எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். யானையின் உயிரை வாங்கும் தந்தம் நமக்கு வேண்டவே வேண்டாம். அதன் உலக வணிகத்தைத் தடை செய்ய 1989-லேயே முடிவாகிவிட்டது.

விலை: எலும்பு கசாப்புக் கடையில் மலிவு. டாகுவா தென் அமெரிக்கப் பனை விதை, கடல் கடந்து வரவேண்டும்.

அளவு: எலும்பு நீளம், நடுவே மஜ்ஜைக் குழி. டாகுவா கோழிமுட்டை அளவுதான்.

உழைப்பு: எலும்பில் கொழுப்பு போகும்வரை சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், அவசரப்பட்டால் பிறகு மஞ்சள் கறை கசியும். தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். டாகுவா உளிக்கு இணங்கும், ஈரம்தான் பகை.

கத்திப்பிடிக்கு எலும்பு சரி. பூசையறைப் பிள்ளையாருக்கு டாகுவாதான். மாட்டெலும்பில் சாமி செய்ய எனக்கு மனம் வராது.