தேக்குக் கதவில் பி.யு. வார்னிஷ், மூன்று கோடைக்குப் பிறகு: கீழ் அரை அடிதான் ரோதனை

பழைய தேக்குக் கதவுக்கு பி.யு., அதாவது பாலியூரித்தேன் வார்னிஷ், அடிக்கலாமா, சாதா வார்னிஷே போதுமா என்று வேலூர் சத்துவாச்சாரி நண்பர் கேட்கிறார். மேற்குப் பார்த்த வாசல். வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அந்த வெயிலை மூன்று கோடை வாங்கிய கதவை வைத்துச் சொல்கிறேன். அடித்தது வெளிப்புறத்துக்கான, ஹார்டனர் எதுவும் கலக்க வேண்டாத ஒற்றை டப்பா பி.யு.

இடுப்புக்கு மேலே ஒரு குறையும் இல்லை. வெடிப்பு கிடையாது, நிறம் மங்கவில்லை, ஈரத்துணியால் துடைத்தால் மர ரேகை பளிச்சென்று எழுகிறது. வெளிப்புற டப்பாவில் வெயிலைத் தடுக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். உள்புற வார்னிஷை வாசலில் அடித்தால் வெயில் ஊடுருவி, அடியில் மரம் சாம்பல் பூத்து, மேலே இருக்கிற படலம் பிடிப்பை விட்டுவிடும்.

கீழ் அரை அடிதான் உயிரை வாங்குகிறது. தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீர் அங்கேதான் தெறிக்கிறது. போர் தண்ணீர் காய்ந்து விழும் வெள்ளைப் புள்ளி துடைத்தால் போய்விடும். போகாதது உள்ளே ஏறின ஈரம். அது முன்பக்கமாக ஏறுவதில்லை, கதவின் அடிவிளிம்பு வழியாக ஏறுகிறது. இரண்டு ஓரத்திலும் நிமிர்ந்து நிற்கிற நெட்டுச் சட்டத்தின் வெட்டுமுகம் அங்கே தரையைப் பார்த்து நிற்கிறது. மரத்தின் நரம்பெல்லாம் வாய் திறந்திருக்கும் இடம். கதவைக் கழற்றாமல் அடிக்கிற பெயிண்டர் கை அங்கே போகவே போகாது. மரம் உப்பி, படலம் நகத்தளவு வெளுத்து, நெண்டினால் பாலாடை மாதிரி உரியும்.

உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட முடியாது என்பதுதான் பி.யு.வில் எனக்குத் தீராத கோபம். ஓரம் வட்டமாகத் தெரியும். கீழ்ச் சட்டம் முழுவதையும், மூட்டுக் கோடு வரை, உப்புத்தாள் போட்டே ஆகவேண்டும்: 120 நம்பர் தாள், பிறகு 180, 220, ரேகைப் போக்கிலேயே. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. தின்னர் துணியால் துடைக்காமல் அடித்தால் காய நாளாகும். கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சாய்த்து, அடிவிளிம்புக்கு வார்னிஷும் தின்னரும் சரிபாதி கலந்து, மரம் குடிப்பதை நிறுத்தும்வரை கொடுங்கள். தின்னர் டப்பாவில் போட்டிருப்பதுதான். டர்பன்டைன் எல்லா பி.யு.வுக்கும் ஒத்துவராது. முகப்புக்கு மூன்று கோட், முதல் கோட்டில் மட்டும் பத்தில் ஒரு பங்கு தின்னர், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 320 தாள். டப்பாவைக் குலுக்காதீர்கள், கிளறுங்கள். குலுக்கினால் நுரை, நுரை கதவில் குமிழாகி நிற்கும்.

நேரமும் முக்கியம். மே மாத மதியத்தில் மேல்தோல் உடனே இறுகி, உள்ளே மாட்டின தின்னர் ஊசிக்கண்ணாக வெடித்து வெளியே வரும். ஐப்பசி ஈரத்தில் காயாது. தை, மாசியில் காலை பத்து மணிக்குள் முடியுங்கள்.

நிலைப்படிக்கு வார்னிஷே வேண்டாம். வருஷக்கணக்கில் மஞ்சளும் எண்ணெயும் இறங்கின மரத்தில் எதுவும் பிடிக்காது, சுருங்கும். சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் மஞ்சள் சிவப்பாகும், ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட் பட்டு மரமே பிசுபிசுத்தால் அது பழைய பிரெஞ்ச் பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) என்று தெரிந்துகொள்ளலாம்.

நியாயமாகப் பார்த்தால் கதவின் முக்கால்வாசி நன்றாக இருக்கும்போது பி.யு. அடிக்கச் சொல்லித்தான் பதில் போட வேண்டும். ஆனால் போன வாரம்தான் கீல் ஸ்குரூ பன்னிரண்டையும் கழற்றி மாட்டியிருக்கிறேன், ஆகவே என் பதில்: வேண்டாம். காய்ச்சின லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) வாங்கி வருஷம் ஒரு தடவை துணியால் தேய்த்து, அரைமணியில் மிச்சத்தை வழித்துவிடுங்கள். பளபளப்பு குறைவு, மேற்கு வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் உரிய அதில் படலமே இல்லை. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போடுங்கள்.