சூளைமேட்டு அக்கா கடையும், அங்கே சாப்பிடாதவர்கள் எழுதிய விமர்சனங்களும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஸ்ஸில் மட்டன் பிரியாணி கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை. மீன் உண்டு, முட்டை உண்டு, மற்றதெல்லாம் சைவம். ஆனால் வரைபடச் செயலியில் இந்தக் கடையின் பக்கத்தைத் திறந்தால் "மட்டன் பிரியாணி நாறுது", "பிரியாணியில் புழு" என்று வரிசையாக ஒற்றை நட்சத்திரங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. சூளைமேட்டுக்குப் புதிதாகக் குடிவந்து, பக்கத்தில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர் இதையெல்லாம் படித்தால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இங்கே காலைச் சாப்பாடு, லீவு நாளில் மதியச் சாப்பாடு என்று நெடுநாள் பழக்கம். கடையை நடத்துபவர் ஒரு திருநங்கை. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அக்கா, அவருக்கு நான் சிஸ்டர். பரிமாறுவது, கல்லாவைப் பார்த்துக்கொள்வது இரண்டும் இன்னும் இரு திருநங்கைகள். பார்சல் கட்டவும் டெலிவரிக்கும் ஒரு தம்பி இருக்கிறார். இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் போனால் பொங்கல் சாப்பிடுங்கள். இஞ்சியைப் பொடியாக நறுக்கி, மிளகில் பாதியை முழுதாகவும் பாதியை ஒன்றிரண்டாகத் தட்டியும் நெய்யில் பொரித்துக் கொட்டுகிறார்கள். முந்திரி கொஞ்சம்தான், ஆனால் நெய் நல்ல நெய். டால்டா போட்ட பொங்கல் ஆறினால் மேலே வெள்ளையாகப் படரும், இங்கே அப்படி நான் பார்த்ததில்லை. கத்தரிக்காய் கொத்சு தினமும் இருக்காது. இருக்கிற நாளில் சாம்பார் பக்கமே போகாதீர்கள்.

மதியம் மீன் குழம்புதான் இந்தக் கடையின் பெருமை. அக்கா விடிகாலையில் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரும்பாலும் சங்கரா வாங்கி வருவார். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன்கூட எடுக்க மாட்டார், கூடப் போன தம்பி சொன்னது. நல்லெண்ணெயில் வெந்தயம், பூண்டு, சின்ன வெங்காயம், பிறகு புளிக்கரைசல், கடைசியில் மீன். மாங்காய் கிடைக்கிற மாதங்களில் இரண்டு கீற்று மாங்காயும் விழும். பதினொரு மணிக்கே இறக்கிவைத்து, ஒரு மணி வரை கைபடாமல் ஊற விடுகிறார். பசியோடு பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றாலும் "இன்னும் மீன்ல உப்பு புடிக்கல சிஸ்டர், காரக்குழம்பு ஊத்திக்கோங்க" என்பார். தெரிந்தவர் என்பதற்காக அந்த நேரத்தை அவர் குறைத்ததே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. கூட்டில் சில நாள் உப்பு பற்றாது. ரசத்தில் மிளகுக் காரம் அதிகம், சின்னப் பிள்ளைகளால் தாங்க முடியாது. இடம் நெருக்கடி, ஒரு மணிக்கு மேல் போனால் வாசலில் நிற்கத்தான் வேண்டும். கை கழுவும் இடத்தில் தரை வழுக்குகிறது, வயதானவர்கள் பார்த்து நடக்க வேண்டும். இதை அக்காவிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார், அது போதாது.

சுத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, தொழில் அப்படி. சமையல் கட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். மீன் வெட்டும் பலகை வேறு, காய் நறுக்கும் பலகை வேறு. குடிக்கிற தண்ணீர் கேன், கழுவுகிற தண்ணீர் மூடி போட்ட டிரம். தலையில் துணி கட்டாமல் யாரும் அடுப்புப் பக்கம் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-இன் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். "லைசென்ஸே இல்லாத கடை" என்று எழுதியவர் வாசல்வரை வந்திருந்தால்கூட அதைப் பார்த்திருப்பார்.

இன்னொரு விமர்சனம் என்னை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. "இவங்க கையால சாப்பிட்டா எய்ட்ஸ் வரும்" என்று ஒருவர் எழுத, அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக் குறி. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதலில் கண்டறிந்தது இந்தச் சென்னையில்தான், 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அந்த ஊரில் இருந்துகொண்டு இத்தனை வருடம் கழித்தும் இதை விளக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டால் பரவாது. தட்டு, டம்ளர், தொட்டுப் பரிமாறுவது, பக்கத்தில் உட்காருவது எதனாலும் பரவாது. மேலும், ஒருவர் திருநங்கை என்பதாலேயே அவருக்குத் தொற்று இருக்கிறது என்று சொல்வது பச்சைப் பொய். "மனநோயாளிகள்" என்றும் எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஓரினச்சேர்க்கையை நோய்ப் பட்டியலிலிருந்து 1990-லேயே எடுத்துவிட்டது. திருநராக (திருநங்கை, திருநம்பி போன்றோராக) இருப்பதையும் மனநோய் வகையிலிருந்து தன் 11-ஆவது பட்டியலில் நீக்கிவிட்டது. இவர்களை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் சிகிச்சை செய்யும் மருத்துவர் தொழில் ஒழுங்கை மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. அதற்கு அடிப்படை, 2021 ஜூன் 7-ஆம் தேதி நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு.

சரி, இந்த விமர்சனங்கள் எங்கிருந்து வந்தன?

சென்னையில் 2009 முதல் ஜூன் மாதத்தில் பால்புதுமையினரின் (திருநர், ஓரினச்சேர்க்கையாளர் போன்றோரின்) வானவில் பேரணி நடக்கிறது. அதற்குப் போகிறவர்களுக்கு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கிடைக்கும் என்று ஓர் அட்டையில் எழுதி, மூலையில் வானவில் கொடி வரைந்து, கல்லாப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் யூனிஃபார்மோடு ஒரு சிறுமி இட்லி பார்சலுக்காக நிற்கிறாள். அடுத்த நாள் காலை, பால்புதுமையினருக்கு எதிராகவே நடத்தப்படும் ஒரு சமூக வலைதளக் கணக்கில் அந்தப் படம் வந்தது. "பள்ளிப் பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் என்ன கொடி பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் கருத்து என்ன?" இவ்வளவுதான் வாசகம். அடிக்கச் சொல்லவில்லை, மிரட்டச் சொல்லவில்லை. கடை இருக்கும் இடத்தின் இணைப்பை மட்டும் கீழே போட்டிருந்தார்கள்.

மதியத்துக்குள் ஒற்றை நட்சத்திரங்கள் வந்து குவிந்தன. கோயம்புத்தூர், திருநெல்வேலி, துபாய் என்று எங்கெங்கோ இருப்பவர்கள். 4.6-இல் இருந்த மதிப்பு அந்த வாரத்திலேயே 2.1-க்கு இறங்கியது. போனை எடுத்தால் கெட்ட வார்த்தை. ஐம்பது சாப்பாடு வேண்டும் என்று ஒரு ஆர்டர் வந்தது. சமைத்துக் கட்டிவைத்தார்கள், வாங்க யாரும் வரவில்லை, அந்த எண்ணும் அணைந்துவிட்டது. கட்டட உரிமையாளருக்கும் பேசியிருக்கிறார்கள். அவர் காலி செய்யச் சொல்லவில்லை, அட்டையை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டார்கள். சுவரில் பசை இருந்த இடம் மட்டும் இன்னும் தெரிகிறது. எனக்கு அதில் ஆறாத கோபம்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கணக்கு இன்னொரு பதிவு போட்டது: "நாங்கள் வன்முறையை ஆதரிப்பதில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டோம்." பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான்.

இது நம் ஊரில் புதிதாக முளைத்த வித்தை இல்லை. அமெரிக்காவில் 'லிப்ஸ் ஆஃப் டிக்டாக்' என்ற கணக்கு இந்த முறையில்தான் பேர் வாங்கியது. 2022 ஆகஸ்டில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைப் பற்றி அந்தக் கணக்கும் அதைப் போன்ற மற்றவையும் பதிவுகள் போட்டன. சிறுமிகளுக்குக் கருப்பையை அகற்றுகிறார்கள் என்ற பொய் பரவியது. டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் கொலை மிரட்டல், அந்த மாதக் கடைசியில் வெடிகுண்டு மிரட்டல். போன் செய்த பெண்ணைக் கைது செய்தார்கள், பிறகு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வார்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த நர்ஸுகள் எப்படி அன்றைய டியூட்டியைப் பார்த்தார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பதிவு போட்டவர்கள் யாரும் போனைத் தொடவில்லை. தொடத் தேவையும் இல்லை, ஆயிரம் பேர் பார்த்தால் அதில் ஒருவர் தொடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெரிய நிறுவனங்களும் காவலைத் தளர்த்திவிட்டன. ட்விட்டர் 2023 ஏப்ரலில், திருநரை வேண்டுமென்றே தவறான பாலில் குறிப்பிடுவதையும் பழைய பெயரால் அழைப்பதையும் தடுத்திருந்த வரியை விதிகளிலிருந்து எடுத்தது. மெட்டா 2025 ஜனவரியில், பால் அடையாளத்தையும் பாலீர்ப்பையும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று சொல்ல இடம் கொடுத்தது.

படத்தில் இருந்த சிறுமிக்கு வருகிறேன். குழந்தைகளைக் காப்பாற்றத்தான் பேசுகிறோம் என்கிற அந்தக் கணக்கு, அவள் முகத்தை மறைக்கவில்லை. பள்ளியின் பேட்ஜ்கூடத் தெரிந்தது. அவள் அம்மா வீட்டு வேலை செய்பவர். அவர் கடைக்கு வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று தெருவே எட்டிப் பார்த்தது. "யாரைக் கேட்டு எம் பொண்ணு மூஞ்சியப் போட்டான்?" என்று அவர் கேட்டது அந்தக் கணக்கை. "தினமும் இங்கதான் இட்லி வாங்குறா, நாளைக்கும் இங்கதான் வாங்குவா" என்று சொல்லிவிட்டு, அக்காவோடு காவல் நிலையத்துக்கும் போனார். அங்கே முதல் நாள் பேசிப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் ஒரு பெண் உதவி ஆய்வாளர் உட்காரவைத்துக் கேட்டு புகாரைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். தமிழ்நாட்டில் 2022-இல் காவலர் நடத்தை விதிகளையே திருத்தி, பால்புதுமையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். ஸ்டேஷன் போகத் தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இதே நிலைமையில் வேறு கடைக்காரர்கள் யாராவது இருந்தால், நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சும்மா "போலி விமர்சனம்" என்று புகார் அழுத்தியதற்கெல்லாம் "விதிமீறல் இல்லை" என்று ஒரே பதில் வந்தது. அப்புறம் தம்பி ஒவ்வொன்றாக எடுத்து, மெனு அட்டையின் படம், செவ்வாய் விடுமுறைப் பலகையின் படம் இரண்டையும் இணைத்து, இவர் இங்கே சாப்பிட்டவரே இல்லை என்று காட்டி அனுப்பினார். பிரியாணி விமர்சனங்கள் பாதிக்கு மேல் அப்படித்தான் போயின. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பதிவின் இணைப்பையும் தேதியையும் சேர்த்து வையுங்கள். வெறும் படம் புகாருக்கு உதவாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய தளங்களுக்கெல்லாம் இந்தியாவில் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் அமைத்த குழுக்கள் அவை, விண்ணப்பம் முழுக்க இணையத்திலேயே. 1930 என்பது இணையப் பணமோசடிக்கான உதவி எண். மிரட்டலுக்கும் ஆபாசத்துக்கும் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிய வேண்டும். 2019 திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவையும் புகாரில் எழுதச் சொல்லுங்கள். உடல் கொடுமை, வாய்ச்சொல் கொடுமை மட்டுமல்ல, பொருளாதாரக் கொடுமையும் அதில் குற்றம். ஐம்பது சாப்பாட்டைச் சமைக்கவைத்துக் கைவிட்டவர் செய்தது வேறென்ன?

சிறுமியின் படம் இருந்த பதிவு இறங்கிவிட்டது. அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. மதிப்பு 3.4-க்கு ஏறியிருக்கிறது. சாப்பிட்டவர்கள் நடுவில் எழுதியதால் ஏறியது. நீங்களும் சாப்பிட்டால் எழுதுங்கள், உப்புக் குறைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பெயரோடு குறிப்பிட்டு, இலையைப் படம் எடுத்துப் போட்டால் நல்லது. சாப்பிடாமல் அன்புக்காக ஐந்து நட்சத்திரம் போட வேண்டாம், அக்காவே வேண்டாம் என்கிறார்.

சூளைமேடு நெடுஞ்சாலையில் காய்கறிக் கடைக்காரர்களிடம் அக்கா கடை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். காலை ஏழிலிருந்து பத்தரை, மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று. மீன் சாப்பாடு 120 ரூபாய், சைவம் 90. தெரியாத எண்ணிலிருந்து வரும் போன் ஆர்டரை இப்போது எடுப்பதில்லை. பத்து பேருக்கு மேல் பார்சல் வேண்டுமென்றால் முதல் நாளே நேரில் போய்ச் சொல்லிப் பாதிப் பணம் கட்டிவிடுங்கள்.