அலை தள்ளும் படலம்: ஒலெயிக் அமிலமா, பாத்திரம் கழுவும் திரவமா?

குற்றலைத் தாங்கியில், அதாவது சிறு அலைகளை எழுப்பிப் பார்க்கும் ஆழமற்ற நீர்த்தட்டில், நீர்மேல் பரவிய மெல்லிய படலம் அலையால் நகர்வதைக் காட்ட வேண்டுமென்றால் எண்ணெய் போன்ற ஒலெயிக் அமிலமே நல்லது. அது நீரில் கரையாது; எனவே படலத்துக்குத் தெளிவான விளிம்பு இருக்கும்.

40×30 செ.மீ. தட்டில் 1 செ.மீ. ஆழத்துக்கு நீர் விட்டு, முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். 400 மி.லீ. எதனோலில் (மதுசாரம்) 1 மி.லீ. அமிலம் கலந்து, அதில் ஒரே துளியை, அலையெழுப்ப அதிரும் கோலின் அருகே விடுங்கள். எதனோல் போய்விடும், மிஞ்சும் அமிலம் பவுடரை ஒதுக்கிக்கொண்டு சுமார் 2 நனோமீற்றர் தடிப்பில் தட்டின் பாதியை மூடும்; பவுடரின் விளிம்பே படலத்தின் விளிம்பு. கலக்காமல் அப்படியே ஒரு துளி விட்டால் தட்டு முழுவதும் நிரம்பி, படலம் நகர இடமே இராது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

விநாடிக்கு 20 அதிர்வு கொடுத்தால் அலைநீளம் சுமார் 1.2 செ.மீ. பவுடர் விளிம்பு அலை போகும் திசையில் மெல்ல ஊரும். எதிர்முனையில் படலம் நெருங்கி, அதன் அழுத்தம் அலையின் தள்ளலுக்கு ஈடானதும் நின்றுவிடும். படலத்துக்குள் குற்றலை விரைவாகவே மடிவதையும் பாருங்கள், அழகான காட்சி! எதிர்ச்சுவரில் அலை தெறித்தால் பவுடர் பட்டை பட்டையாகத் தேங்கும். அங்கே பஞ்சைச் சரிவாக வையுங்கள்.

கழுவும் திரவம் மலிவு, கடையில் கிடைக்கும். ஆனால் அதன் மூலக்கூறுகள் நீருக்குள் இறங்கி ஏறுவதால் விளிம்பு மங்கிவிடும். அலை தணிவதைக் காட்ட மட்டும் போதும்.

நுவரெலியாக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒலெயிக் அமிலமும் 13 பாகை செல்சியஸ் அளவில் உறையும். காலையில் போத்தலை வெந்நீரில் வைத்து எடுங்கள்.