தனி மேடையா, ஒரே மேடையா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற நம்ம சாட்ஸ்வர்த் பக்கம் அழகிப் போட்டின்னு பேச்செடுத்தாலே திருநங்கைங்களுக்குத் தனியா ஒண்ணு வச்சா போதுமேன்னு சொல்றவங்க இருக்காங்க. அதுலயும் நியாயம் இருக்கு, தாய்லாந்து பட்டாயால 2004ல ஆரம்பிச்ச மிஸ் இன்டர்நேஷனல் குயின் மாதிரி மேடை எத்தனையோ பேருக்குக் கைதட்டல் வாங்கித் தந்துச்சு, அங்க நின்னா நீ பொண்ணான்னு யாரும் கேக்கப்போறதில்ல.

ஆனா எனக்கு ஒரே மேடைதான் சரின்னு படுது. மிஸ் யுனிவர்ஸ் 2012லயே திருநங்கைங்களும் வரலாம்னு விதிய மாத்திட்டாங்க, 2018ல ஸ்பெயின்லேருந்து ஆஞ்செலா பொன்சேங்கிற திருநங்கை வந்து நின்னாங்க, மிஸ் சவுத் ஆப்பிரிக்காவும் 2021ல திருநங்கைங்களுக்குக் கதவைத் திறந்தாங்க, ஆனா அடையாள அட்டை, அதான் ஐடில பெண்ணுன்னு இருக்கணும்னாங்க. அந்த ஐடிய மாத்த நம்ம நாட்டு 2003 சட்டப்படி டாக்டர் ரிப்போர்ட் வேணும், ஏழைப் பொண்ணு எங்க போவா?

கதவைத் திறந்தா மட்டும் மரியாதை வந்துடாதுங்க. ஒரு ஹால்ல என் பக்கத்துல சேலை மடிப்புல சேஃப்டி பின் குத்திட்டிருந்த திருநங்கைப் பொண்ண மைக்ல பழைய பேர்ல கூப்பிட்டுட்டாங்க, கையில பின்னோட அப்படியே நின்னுட்டா, மேடைக்கே போகல. ஃபார்ம்ல எந்தப் பேர்ல கூப்பிடணும்னு ஒரே ஒரு வரி இருந்திருந்தா அவ போயிருப்பா. கேள்வி ரவுண்டுல ஆபரேஷன் பத்திக் கேக்கவே கூடாது, இதையும் ஜட்ஜுங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும்.