தானியங்கிக் கோழிக்கூண்டுக் கதவு: இலையுதிர் காலத்தில் தாக்குப்பிடிக்கிறதா?

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால், வாங்குங்கள். ஆனால் காலையில் கடிகாரத்தையும் மாலையில் வெளிச்சத்தையும் பார்த்து இயங்குகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் டைமர் உள்ள கதவு கோடையில் பிரமாதமாகத்தான் இருக்கும். செப்டம்பர் கடைசியில் நடு அட்சரேகைப் பகுதிகளில் பகல் ஒரு நாளைக்குச் சுமார் 3 நிமிடம் சுருங்குகிறது, மாதத்துக்கு ஒன்றரை மணி நேரம், அதில் பாதி மாலைப் பக்கம். கோழிகள் பொழுதைப் பார்த்து அடைகிற ஜென்மங்கள், கடிகாரம் அவற்றுக்குத் தெரியாது. அவை ஏறி உட்கார்ந்து வெகுநேரம் ஆன பிறகும் கதவு திறந்தே கிடந்தால் நரிக்கும் மரநாய்க்கும் கொண்டாட்டம்.

சரி, காலையிலும் வெளிச்சத்துக்கே விட்டுவிட்டால் என்ன? விடியற்கருக்கலில் நரி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலும் இலையுதிர் காலத்தில்தான் அந்த வருடக் குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்து புது இடம் தேடி அலையத் தொடங்கும். நன்றாக விடிந்த பிறகு திறக்கிற மாதிரி டைமர் வைத்துவிட்டால் நிம்மதி.

மாலையில் சென்சார் எந்த அளவு இருட்டுக்கு மூட வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம், இருட்டிய பிறகு சில நிமிடம் தாமதிக்கவும் சொல்லலாம். இந்தத் தாமதம் அவசியம், ஏனென்றால் பெட்டைகள் முதலில் போய் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும், புதிதாக முட்டைக்கு வரப்போகும் விடைக்கோழிகள் வாசலில் தயங்கித் தயங்கிக் கடைசியில்தான் நுழையும், கதவு அவசரப்பட்டால் வெளியே மாட்டிக்கொள்வது அவைதான். வாத்து வளர்ப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். வாத்துகள் இருட்டினால் தானாக வீட்டுக்கு வரும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

குறை என்று பார்த்தால் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கதவு ஓடும் பள்ளத்தில் காய்ந்த இலையோ வைக்கோலோ விழுந்தால், கோழி மாட்டிக்கொண்டதாக நினைத்துக் கதவு மேலே திரும்பிவிடுகிறது. கோழி நசுங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, நல்லதுதான், ஆனால் மூன்று முறை முயன்றுவிட்டுச் சத்தமே போடாமல் ராத்திரி முழுக்கத் திறந்தபடி நிற்கிறது. ஒரு பீப் ஒலி வைத்திருக்கக் கூடாதா? இலை உதிர்கிற மாதங்களில் தினமும் பள்ளத்தைத் துடைக்க வேண்டும், கூடவே சென்சார் கண்ணையும். இறகு உதிர்க்கும் பருவம் இது, கூண்டெல்லாம் தூசி பறக்கும். முற்றத்து விளக்கு சென்சார் மேல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் கதவு இன்னும் பகல் என்றே நினைக்கும்.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண ஆல்கலைன் செல் உறைபனிக் குளிரில் சோர்ந்துவிடும், லித்தியம் செல் தாங்கும். முதல் உறைபனிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

வெள்ளாடும் வைத்திருப்பவர்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கூண்டின் உள்பக்கம் பொருத்துவது உத்தமம். பகல் குறையக் குறைய ஆடுகளுக்கு இனச்சேர்க்கைப் பருவம் தொடங்கும், அப்போது கிடாவுக்குக் கண்ணில் படுகிற கம்பமெல்லாம் தேய்த்துப் பார்க்கத்தான். வயர் தொங்கினால் பெட்டை ஆடு மென்றுவிடும்.

மற்றபடி, சாயங்காலம் ஆட்டுக்குத் தீவனம் வைத்து, வைக்கோலைத் தார்ப்பாயால் மூடி முடிப்பதற்குள் இருட்டிவிடுகிற இந்த மாதங்களில், கூண்டை அடைக்க ஓட வேண்டாம் என்பதே பெரிய விடுதலை. ஆனால் கதவுக்கு எண்ணத் தெரியாது. இறகு உதிர்த்துச் சோர்ந்த கோழி சில நேரம் புதருக்கடியில் ஒதுங்கிக்கொள்ளும், அதனால் படுக்கப் போகும் முன் டார்ச் அடித்துத் தலைகளை எண்ணிவிடுங்கள். அஞ்சு நட்சத்திரத்துக்கு நாலு கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று அந்த பீப் ஒலிக்கு.